பள்ளத்து நரிக்கு இரண்டு சாட்சி

முனிர்கா
4 ஏப்ரல் 2024

ராஜிக்கு,

உன் வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கப்போவதில்லை. நம் இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கிற பொன்னி தினமும் சொல்லிவிடுகிறாள். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், உன் மருமகள் ஷ்ருதி ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறாள். அதனால் எழுதுகிறேன். பொன்னி கொண்டுவந்து தருவாள். நேற்று அவளிடம் விஷயத்தைச் சொன்னதுமே, "நடுவுல ஒரே ஒரு ரோடு. அதத் தாண்டிப் போயி தங்கச்சிகிட்ட பேசறத விட்டுட்டு, எனக்குத் தபால்காரன் வேலையா ஐயா?" என்று கேட்டாள். கேட்கட்டும்.

பீர்பஹாடி பூங்காவில், பள்ளத்துக்கு மேலே இருக்கும் பாறையில் நீ தினமும் சாதம் வைக்கிறாய். மாப்பிள்ளை போன ஐப்பசியில் காலமானதிலிருந்து வைக்கிறாய். காக்கைக்கு என்கிறாய். ஒரு காக்கை எவ்வளவு சாப்பிடும்? மிச்சத்தைத் தின்ன நாய்கள் வருகின்றன. முன்பெல்லாம் அவை பூங்கா வாசலில் டீக்கடையோடு நின்றுவிடும். இப்போது பாறையிலேயே படுத்துத் தூங்குகின்றன. இன்று காலை நான் போனபோது என்னைப் பார்த்துக் குரைத்தன. இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் காட்டில் நடக்கிறவன் நான். எனக்கே குரைக்கின்றன.

பாறைக்குக் கீழே, சீமைக்கருவேல வேர்களுக்கு நடுவில், நரி வளை இருக்கிறது. உனக்கும் தெரியும். ஒரு காலத்தில் இருட்டும் நேரத்தில் என் ஜன்னலில் நின்றால் மூன்று பக்கமிருந்தும் ஊளை கேட்கும். இப்போது பீர்பஹாடி முழுவதிலும் மிஞ்சியிருப்பது இந்த ஒரு ஜோடிதான். பெண்நரிக்கு வயிறு தொங்கிவிட்டது. இந்த மாதத்துக்குள் குட்டி போடும். சோறு தின்று கொழுத்த நாய்க்கு வேட்டை என்பது பசிக்காக இல்லை, விளையாட்டு. குட்டி வெளியே வந்த அன்றே முடித்துவிடும்.

நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. உத்தியோகம் பார்த்தது அமைச்சகத்தில், டெஸ்பாட்ச் செக்‌ஷனில். இந்த விஷயங்களை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. காலை மாலை நடந்து, நின்று, பார்த்துத் தெரிந்துகொண்டது. அதனால் யாருக்கும் என் பேச்சில் மதிப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை நடைக் குழுவில் இரண்டு வார்த்தை உரக்கச் சொன்னேன், வாட்ஸ்அப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீயாவது கேள்.

சாதம் வைப்பதை நாளையிலிருந்து நிறுத்து.

கல்யாணராமன்


ஆர்.கே.புரம்
9 ஏப்ரல் 2024

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

நேற்று அமாவாசை. நீ நிறுத்து என்று எழுதிய பிறகும் போனேன். சொல்லிவிட்டே செய்கிறேன்.

முதலில் நம் வீட்டு பால்கனியில்தான் வைத்தேன். புறா வந்தது. புறா, புறா, புறா. ஒரு காக்கை கிடையாது. மேல்வீட்டு அம்மாள் இறங்கி வந்து, "ஆன்ட்டிஜி, கபூத்தர் கா காம் பந்த் கரோ", இந்தப் புறா வேலையை நிறுத்து என்று படியில் நின்று கத்தினாள். அன்று சாயங்காலமே ஷ்ருதி பால்கனிக்கு வலை அடிக்க ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். கோவிலுக்குப் போகலாம் என்றால், மலை மந்திர் படி என் முழங்காலுக்கு முடியவில்லை.

பிறகு யார் என்னைப் பீர்பஹாடிக்குக் கூட்டிப்போனது? "வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடிக்கும், நடக்க வா" என்று நீதான் கூட்டிப்போனாய். அந்தப் பாறையைக் காட்டி, "இங்கே வை, இங்கே காக்கை உண்டு" என்று சொன்னதும் நீதான். வைத்துவிட்டு இரண்டடி நகர்வதற்குள் வந்தது. கழுத்தைச் சாய்த்து, இவர் பேப்பர் படிக்கும்போது கண்ணாடிக்கு மேலே பார்ப்பாரே, அப்படி என்னைப் பார்த்தது. நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

நரிக்கு வயிறு தொங்குகிறது என்று உனக்குத் தெரிகிறது. இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ எத்தனை தடவை வந்தாய்? ஒரு தடவை வந்தாய். அன்றும் பைனாகுலரோடு வந்தாய்.

வருஷம் முடியும் வரை வைப்பேன். அதற்குப் பிறகு நீ சொல்லவே வேண்டாம், நானே நிறுத்திவிடுவேன்.

ராஜி


முனிர்கா
2 மே 2024

ராஜிக்கு,

நீ அனுப்பிய மாவடு வந்தது. டப்பாவைக் கழுவி அனுப்பியிருக்கிறேன்.

பாறையைக் காட்டினேன். இல்லை என்று சொல்லவில்லை. ஒரு நாளைக்குக் காட்டினேன். தினமும் வை என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பூங்காவிலிருந்து நேரே வந்தேன், அதனால் பைனாகுலர் இருந்தது. இதையெல்லாம் இப்போது பேசி என்ன பயன்?

குட்டிகள் பிறந்துவிட்டன. திங்கட்கிழமை மாலை முதன்முதலாக வெளியே வந்தன. உள்ளங்கை அளவு முகம். உடம்பெல்லாம் புகை நிறம். ஒன்று மற்றொன்றின் காதைக் கடித்து இழுத்தது. ஆண்நரி ஒரு எலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. நான் எதிர்க்கரையில் ஒரு புதருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எறும்பு கடித்தது. அசையவில்லை. நீ பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் நாய்கள் பள்ளத்தில் பாதி வரை இறங்கின. கைத்தடியால் விரட்டினேன். காவலாளி மேலே நின்று சிரித்தான். "பாபுஜி, கீதட் கே லியே இத்னா டென்ஷன்?" என்றான். நரிக்காக இவ்வளவு கவலையா என்று கேட்கிறான். ஆமாம். நரிக்காகத்தான்.

நீ நிறுத்தாவிட்டால் பூங்கா அலுவலகத்துக்கு மனு எழுதுவேன். பிறகு என்னைக் குறை சொல்லாதே.

கல்யாணராமன்


ஆர்.கே.புரம்
5 மே 2024

அண்ணாவுக்கு,

எழுது.

அந்த நாய்களில் பழுப்பு நிறத்தில் ஒன்று இருக்கிறது. நான் சாதம் வைத்துவிட்டுத் திரும்பும்போது வாசல் வரை கூடவே வருகிறது. நான் நின்றால் நிற்கிறது. இவர் போன பிறகு என்னோடு என் நடைக்கு நடந்துவருகிற ஜீவன் அது ஒன்றுதான். நீ எப்போதும் முன்னாலே போய்விடுவாய். இப்போதெல்லாம் அதற்கென்று ஒரு பிடி அதிகமாகவே வடிக்கிறேன். அதையும் மனுவில் சேர்த்துக்கொள்.

ராஜி


முனிர்கா
26 மே 2024

ராஜிக்கு,

மனு எழுதினேன். பெயரில்லாத மனு எங்கே போகும் என்று டெஸ்பாட்சில் இருந்த எனக்குத் தெரியும். சாதம் வைக்கிறவர்கள் யார் என்று குறிப்பிடாவிட்டால், "பொதுமக்கள் சிலர்" என்று ஒரு நோட் போட்டு மூடிவிடுவார்கள். அதனால் உன் பெயரையும் செக்டரையும் எழுதினேன். உறவுமுறையையும் எழுதினேன். மறைத்தால் நாளைக்கு வேறு மாதிரி சொல்வார்கள்.

நடவடிக்கை எடுத்துவிட்டார்கள். விலங்குகளுக்கு உணவிடத் தடை என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதோடு விட்டிருக்கலாம். பள்ளத்துக்குப் போகிற பாதையில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். யாருக்கும் அனுமதி இல்லை. எனக்கும் இல்லை. "மனு எழுதியவனே நான்தான்" என்று காவலாளியிடம் சொன்னேன். "அப்படியானால் உங்களுக்கு ரூல் நன்றாகத் தெரியுமே" என்று இந்தியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். பகலில் வெயில் கொளுத்துகிறது. குட்டிகளுக்குத் தண்ணீர் கிடைக்கிறதா, வளையை மாற்றிவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை.

வாசலில் காவலாளி உன்னை நிறுத்திப் பேசியதாகப் பொன்னி சொன்னாள். அப்படிச் செய் என்று நான் எழுதவில்லை.

கல்யாணராமன்


ஆர்.கே.புரம்
7 ஜூன் 2024

அண்ணாவுக்கு,

பேசியதாகவா சொன்னாள்? நடந்ததை நான் எழுதுகிறேன்.

காவலாளி என் கையிலிருந்த தூக்கைப் பிடுங்கித் திறந்தான். எல்லோரும் பார்க்கட்டும் என்று உயர்த்திக் காட்டினான். உன் குழுவைச் சேர்ந்த கோபாலன் அங்கே நின்றுகொண்டிருந்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு பெண், காலேஜ் படிக்கிற வயதுதான் இருக்கும், போனில் வீடியோ எடுத்தாள். நான் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன், திருடி மாதிரி. அன்று மத்தியானம் ப்ரசன்னாவின் ஆபீசில் யாரோ அதைக் காட்டியிருக்கிறார்கள். வந்து கத்தினான். "ஏம்மா மானத்த வாங்கறே? மாமாவே உம்பேர்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்கார், தெரியுமா நோக்கு?" என்றான். எனக்குத் தெரியும் என்றேன்.

நேற்று அமாவாசை. வலை அடித்த பால்கனியில், வலைக்கு உள்ளே நின்றுகொண்டு, கிண்ணத்தை நீட்டினேன்.

நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. நான் வைக்காமல் இருக்கலாம், நாய்களுக்கு அது தெரியாது. அவை பாறையில் காத்துக்கொண்டிருக்கும். டீக்கடைக்காரன் இனி அவற்றை அண்டவிட மாட்டான், அங்கே வேறு நாய்கள் வந்துவிட்டன. சாதம் தின்ற நாய் விளையாட்டுக்கு வேட்டையாடும் என்று எழுதினாய். பட்டினி கிடக்கிற நாய் என்ன செய்யும், அண்ணா? திடீரென்று நிறுத்தாமல் வாசலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வந்திருக்கலாம் இல்லையா? நான் போக முடியாது. நீயாவது அலுவலகத்தில் சொல்லி, வெளியே எங்கேயாவது அவற்றுக்கு ஏதாவது போடச் சொல். உன் நரிக்காகத்தான் கேட்கிறேன்.

ராஜி


முனிர்கா
1 ஜூலை 2024

ராஜிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. தடை வாங்கியவனே நாய்க்குச் சோறு கேட்டுப் போய் நிற்க முடியாது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பெய்த மழையில் மேற்குச் சுவர் ஒரு இடத்தில் விழுந்துவிட்டது. அந்த வழியாக நேற்று உள்ளே போனேன். இந்த வயதில் செங்கல் குவியலில் தவழ்ந்து போனேன்.

வளை வாய் தோண்டிப் போடப்பட்டிருந்தது. குட்டிகள் வெளியே கிடந்தன. மழைக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். தின்னக்கூட இல்லை. சிலதைக் குதறிப் போட்டுவிட்டுப் போயிருக்கின்றன. சற்றுத் தள்ளி ஓடையில் ஆண்நரி. பின்னங்கால் இல்லை. பெண்நரியைக் காணவில்லை. வெளிச்சம் போகும் வரை தேடினேன். பாறையில் நாய்கள் இருந்தன. நான் கைத்தடியைத் தூக்கியும் அவை எழுந்திருக்கவில்லை. விலா எலும்பு தெரிந்தது.

இன்று காலை அலுவலகத்தில் எழுத்து மூலமாகத் தகவல் கொடுத்துவிட்டேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன். சுவர் தாண்டியதற்காக என்மேல் நடவடிக்கை எடுத்தாலும் எடுக்கட்டும்.

சாதம் வைக்காவிட்டால் நாய் உள்ளே வந்திருக்காது. இதை நான் ஏப்ரலிலேயே எழுதினேன்.

கல்யாணராமன்


ஆர்.கே.புரம்
10 ஜூலை 2024

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் பாத்திரத்தில் அரிசி களையவே கை வரவில்லை. சமையலை ஷ்ருதி பார்த்துக்கொண்டாள். காரணம் கேட்கவில்லை. நல்ல பெண்தான்.

நேற்று சாயங்காலம் நீ சொன்ன சுவர்ப் பக்கம் போனேன். உள்ளே போகவில்லை, வெளியிலேயே நின்றேன். அந்தப் பழுப்பு நாய் என் வாடை தெரிந்து ஓடி வந்தது. இளைத்துப் போயிருக்கிறது. வாலை ஆட்டிக்கொண்டு காலில் முகத்தைத் தேய்த்தது. நான் பின்வாங்கினேன், அண்ணா. அதன் வாயைப் பார்க்கவே பயமாக இருந்தது. அது மறுபடியும் வந்தது. கையில் ஒன்றும் இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். பிறகு ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

நீ எழுதியது முழுக்கச் சரி. நாய்களை உள்ளே கொண்டுபோனது என் சாதம். பட்டினி போட்டது உன் மனு. இரண்டுக்கும் நடுவில் குட்டிகள். இதில் என் பங்கை நான் ஒப்புக்கொள்கிறேன். உன் பங்கை நீ ஒப்புக்கொள்ள மாட்டாய். எனக்கும் இப்போது அது வேண்டாம்.

சாப்பிடுகிறாயா? பொன்னி உன் வீட்டில் தட்டு கழுவி இரண்டு நாள் ஆயிற்று என்கிறாள்.

ராஜி


முனிர்கா
6 ஆகஸ்ட் 2024

ராஜிக்கு,

ஒரு காரியமாக எழுதுகிறேன்.

பள்ளத்தைச் சமப்படுத்தி, அதன் வழியாக நடைபாதையும் சைக்கிள் பாதையும் போடப்போகிறார்களாம். பெஞ்சு, விளக்கு, உடற்பயிற்சிக் கருவிகள் எல்லாம் வரும். வாசலில் பெரிய படம் மாட்டியிருக்கிறார்கள். அதில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சைக்கிள் ஓட்டுகிறார்கள். அலுவலகத்தில் கேட்டேன். "அந்தப் பகுதியில் நரிகள் அழிந்துவிட்டதாகத் தாங்களே 1 ஜூலை அன்று தெரிவித்திருக்கிறீர்கள்" என்று என் கடிதத்தையே எடுத்து என் முன்னால் வைத்தார்கள். பெண்நரியைக் காணவில்லை என்றுதான் எழுதியிருந்தேன். அழிந்துவிட்டது என்று எழுதவில்லை. அந்த வரியை யாரும் படிக்கவில்லை.

பெண்நரி உயிரோடு இருக்கிறது. போன மாதக் கடைசியில், மங்கலான நேரத்தில், விழுந்த சுவரைத் தாண்டிப் பள்ளத்துக்குள் போனதைப் பார்த்தேன். தனியாகப் போயிற்று. திரும்பிப் பார்த்தது. அந்த வளைக்கே வருகிறது. பள்ளத்தை மூடினால் அதற்குப் போக்கிடம் கிடையாது. நாலு பக்கமும் ரோடு.

ஆட்சேபணை இருந்தால் இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். நேரில் பார்த்தவர்கள் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். என்னுடையது ஒன்று. கோபாலனைக் கேட்டேன். "என்ன சார் நீங்க, சைக்கிள் டிராக் வந்தா நல்லதுதானே? நரிக்கு நாலு காலு இருக்கு, வேற எங்கயாவது போயிடும்" என்றார். மற்றவர்கள் போனையே எடுக்கவில்லை.

நீ சுவர்ப் பக்கம் போனதாக எழுதியிருந்தாய். அதற்குப் பிறகும் போவதாகப் பொன்னி சொன்னாள். நீ அதைப் பார்த்திருந்தால், என்றைக்கு, எங்கே, எப்படி இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு.

உன் பெயரை எழுதி மனு கொடுத்த அதே அலுவலகத்துக்குத்தான் கேட்கிறேன். தெரிந்துதான் கேட்கிறேன்.

கல்யாணராமன்


ஆர்.கே.புரம்
12 ஆகஸ்ட் 2024

அண்ணாவுக்கு,

இத்துடன் தனித்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலும் வைத்திருக்கிறேன். ப்ரசன்னாவுக்குத் தெரியாது. தெரிந்தால் குதிப்பான்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி சாயங்காலம் விழுந்த சுவருக்குப் பக்கத்தில் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன். நிறம், வால், எல்லாம் எழுதியிருக்கிறேன். போதாவிட்டால் சொல், இன்னொன்று எழுதித் தருகிறேன். கூப்பிட்டால் நேரிலும் வந்து சொல்கிறேன். அந்தக் காவலாளி என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்துக்கொண்டாலும் சரி.

ஆட்சேபணையைக் கொடுத்துவிட்டு நேரே இங்கே சாப்பிட வா. வெண்டைக்காய் மோர்க்குழம்பு பண்ணி வைக்கிறேன். எதையும் பேச வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் போ.

ராஜி


முனிர்கா
24 ஆகஸ்ட் 2024

ராஜிக்கு,

உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். அதை நான் கொடுக்கவில்லை.

வால் நுனி வெள்ளையாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். நம் நரிக்கு வால் நுனி கறுப்பு. வெள்ளை நுனி இருப்பது வேறு நரி, நம் காட்டில் கிடையாது. உன் பேத்தியின் படப்புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். நீ பார்க்கவில்லை. எனக்காக எழுதியிருக்கிறாய்.

அந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு மேலே கறுப்பு என்று எழுதினால் அலுவலகத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. பேனாவை எடுத்துத் திறந்தும்விட்டேன். பொன்னி கூட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "என்னா ஐயா, பேனாவப் புடிச்சிட்டே ஒக்காந்திருக்கீங்க, காப்பி போடவா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லி மூடி வைத்துவிட்டேன். உன் பெயரை உண்மைக்காக எழுதிக் கொடுத்து உன்னைத் தெருவில் நிற்க வைத்தேன். அதே பெயரைப் பொய்க்கு எழுதிக் கொடுக்க முடியாது. கொடுத்தால் மே மாதம் செய்ததற்கு என்ன அர்த்தம் என்று ஆகிவிடும். உனக்கு இது புரியாமல் போகலாம். ப்ரசன்னாவுக்கு நிச்சயம் புரியாது.

என் கையெழுத்து ஒன்றை மட்டும் வைத்து ஆட்சேபணை கொடுத்தேன். ஒற்றைச் சாட்சி போதாது என்று இரண்டே வரியில் பதில் வந்துவிட்டது.

முந்தாநாள் மண் தள்ளும் இயந்திரம் வந்தது. விழுந்த சுவர் வழியாகவே உள்ளே விட்டார்கள். நான் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றேன். பாறையை முதலில் உருட்டினார்கள். வளை மேல் மண் விழுந்தபோது அதற்குள் ஏதாவது இருந்ததா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நேற்று இருட்டிய பிறகும் நின்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

ஜூன் மாதம் நீ ஒன்று கேட்டாய். நாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்து வந்திருக்கலாம் இல்லையா என்று. அதற்கு நான் பதில் எழுதவில்லை. இப்போதும் எழுதப்போவதில்லை.

சாப்பிட வரவில்லை. மோர்க்குழம்பைப் பொன்னியிடம் கொடுத்தனுப்பியிருந்தாய். சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் குறைவு.

அக்டோபரில் பாதையைத் திறக்கிறார்களாம். முதல் நாள் எல்லோரும் சேர்ந்து நடக்க வேண்டும் என்று கோபாலன் என்னை மறுபடி குழுவில் சேர்த்திருக்கிறார். நான் பீர்பஹாடிக்குள் இனிக் கால் வைக்கமாட்டேன். வேறு எங்கும் நடப்பதாகவும் இல்லை. அவரிடம் போய்க் காரணம் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. உன்னை மார்க்கெட்டில் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்பார். எனக்கு முழங்கால் வலி என்று சொல்லிவிடு. அதை நீ சொல்லலாம்.

கல்யாணராமன்